மன்னித்தவர்கள்

"எனக்க மோளு என்ன தெற்று செய்தா? அத மட்டும் சொல்லுங்க, சம்மந்தி."

சொல்லி முடித்த பிறகுதான் யோசுவாவுக்கு உறைத்தது, அந்த முறை இனிச் செல்லாது என்று. "சொல்லுங்கண்ணே" என்று திருத்தினார். குளத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடையைப் பாதியில் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். கையிலிருந்த துணிப்பைக்குள் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பட்டுச் சேலையும் மோதிரமும் இருந்தன.

ரெத்தினதாஸ் அவரை உட்காரச் சொல்லவில்லை. இங்கிலாந்துக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடு. கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் அதைவிடப் பெரிய வீடு கிடையாது. ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரக்கூடிய அந்த முன்னறையில் அவர் ஒருவர் மட்டும் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார்.

"நாங்க ஒண்ணும் சொல்லல்ல. சொன்னா உங்களுக்காக்கும் குறைச்சல். வீட்டுல போய் மோளுட்ட கேளுங்க."

"அவ கண்ணீரும் கையுமா கரஞ்சிட்டுக் கெடக்கா. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுதா."

"பின்ன எப்படிச் சொல்லுவா?" என்றாள் உள்வாசலில் நின்ற அவர் மனைவி செல்லபாய். "எந்தப் பெண்ணு தன் வாயால சொல்லுவா?"

மாடிப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் லிஜா. அந்த வீட்டு மகள். அண்ணன் சஜினின் கல்யாணத்துக்காக அப்பா அம்மாவோடு இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து வந்திருந்தாள். யோசுவாவின் மகள் ரெஜிலா என்ன தவறு செய்தாள் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் சஜின்.

முந்தின புதன்கிழமைதான் அவன் லெஸ்டரிலிருந்து போன் செய்தான். கூட வேலை பார்க்கும் போலந்துக்காரப் பெண்ணைப் போன வருஷம் ஜூன் மாதமே பதிவுத் திருமணம் செய்துவிட்டானாம். இப்போது அவள் உண்டாகியிருக்கிறாளாம். தன்னால் வர முடியாதாம். அப்படியென்றால் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊருக்கு வந்து, சபையார் முன்னால் ரெஜிலாவின் விரலில் மோதிரம் போட்டபோதும் அவன் இன்னொருத்தியின் புருஷன். டாடியிடம் சொல்லப் பயந்துகொண்டு மோதிரத்தைப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான், அந்த வீரன்.

போனை வைத்ததும் ரெத்தினதாஸ் சற்று நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கல்யாணக் கெட்டு வேண்டாம்னு நாம சொன்னதா இருக்கட்டு. பெண்ணுக்க பேருல ஏதாவது ஒண்ணு இல்லாமலா போவும்?"

தன் மகன் கெட்டவன் என்று ஊர் பேசுவதைவிட, ஊரான் மகள் கெட்டவள் என்று பேசுவது மேல் என்று முடிவு செய்ய, முகம் துடைக்கிற நேரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

யோசுவா பையை டீப்பாயின்மேல் வைத்தார். கும்பிடக் கை எழுந்தது, பாதியில் இறங்கிவிட்டது. வெயிலில் இறங்கி நடந்தார். லிஜா கீழே வந்தாள்.

"டாடி, அவரிட்ட உள்ளத சொல்லியிருக்கலாமே."

"என்ன உள்ளது?"

"அண்ணன் அங்க ஒருத்தியக் கெட்டினவன்னு."

"வாய மூடு. அவன் ஒரு தெற்றும் செய்யல்ல. அந்த வெள்ளக்காரி அவன மயக்கிட்டா. அது வேற காரியம்."

"அப்ப ரெஜிலா?"

"அவளப் பத்தி நமக்கு என்ன தெரியும்? நல்ல பெண்ணுன்னு நீ கண்டியா?"

லிஜாவுக்கு இந்தக் குரல் புதிதல்ல. இதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, லெஸ்டர் வீட்டின் குளியலறையிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுக்காரனின் கூரை ஊறிவிட்டது. குழாயைத் திறந்து போட்டது லிஜாதான் என்று முடிவு கட்டி ரெத்தினதாஸ் பெல்ட்டால் அடித்தார். மறுநாள் வந்த பிளம்பர் சுவருக்குள் குழாய் வெடித்திருப்பதைக் காட்டினான். "நான் செய்யல்லன்னு சொன்னேனே டாடி" என்று கேட்ட குழந்தைக்கு அவர் சொன்ன பதிலை அவள் இன்றுவரை மறக்கவில்லை. "அந்த அடி வேற ஏதாவது தப்புக்கு இருக்கட்டு. நாங்க கண்டுபிடிக்காத தப்பு எத்தனையோ செய்திருப்ப இல்லியா?"

அந்த வீட்டின் சட்டம் அதுதான். பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் உடுக்கக் கூடாது, பள்ளித் தோழி வீட்டில் தங்கக் கூடாது, தமிழ் தவிர வேறு எதுவும் வீட்டுக்குள் பேசக் கூடாது. அப்பாவும் அம்மாவும் தவறு செய்யமாட்டார்கள். குன்னத்துகாலிலிருந்து விமானம் ஏறிய நாளில் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே பெட்டிக்குள் மடித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். ஊர் மாறிவிட்டது. இங்கே பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். பெட்டிக்குள் இருந்தது மட்டும் பூச்சியடித்து அப்படியே கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், லெஸ்டரில் வீட்டுப் படி இறங்கினால் ரெத்தினதாஸைப்போல மன்னிப்புக் கேட்கிற மனிதனைப் பார்க்க முடியாது. பஸ்ஸில் எவனாவது வெள்ளைக்காரன் இவர் காலை மிதித்தால்கூட, இவர்தான் பதறிப்போய் "சாரி, சாரி" என்பார். கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிற வேலை. மேற்பார்வையாளன் வாயைத் திறப்பதற்கு முன்னமே ஒரு சாரி. ஊரிலோ அவர் "ஆபீசர்". பகலெல்லாம் ஊரானுக்குக் குனிந்த முதுகை நிமிர்த்திக்கொள்ள அவருக்கு வீடு வேண்டியிருந்தது. வீட்டில் அடிவாங்க ஆள் வேண்டியிருந்தது. சின்ன வயதில் லிஜாவுக்கு அவரைக் கண்டால் பயம். வளர்ந்தபின் கொஞ்ச நாள் பரிதாபமாக இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. வெறும் அருவருப்பு.

செல்லபாய் சும்மா இருக்கவில்லை. சபையின் பெண்கள் சங்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று ஆரம்பித்தாள். சொல்லாமலே எல்லாம் சொன்னாள். பாறசாலையில் ஒருத்தன் பைக்குக்குப் பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்து போனதைக் கண்டவர்கள் உண்டாம். பைக் ஓட்டியவன் தீபு, ரெஜிலாவின் பெரியம்மா மகன். ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன நாள் அது. தீபு யாரென்று செல்லபாய்க்கு நன்றாகத் தெரியும். நிச்சயத்துக்குப் பந்தல் போட்டவனே அவன்தான்.

ஒரு வாரத்துக்குள் பேச்சு குன்னத்துகாலிலிருந்து குளத்தூர் போய்ச் சேர்ந்தது. ரெஜிலா ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "குறச்சு திவசம் வீட்டிலிரிக்கு டீச்சரே, ஆள்க்கார் ஓரோந்நு பறயுந்நு" என்று, ஊர் வாய் அடங்கும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்பதை மலையாளத்தில் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

லிஜா அவளைத் தேடிப் போனாள். யோசுவாவின் கடைக்குப் பின்னாலேயே வீடு. ரெஜிலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தாலும் கண்ணில் தண்ணீர் இல்லை.

லிஜா எல்லாவற்றையும் சொன்னாள். சஜின், போலந்துக்காரி, புதன்கிழமை போன், டாடியின் முடிவு. சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை முட்டியது.

ரெஜிலா கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே போட்டாள்.

"இத நீ எனக்க வீட்டுப் பின்னால நின்னு சொல்லுத. உனக்க மம்மி சர்ச்சுல எல்லாரும் கேக்க சொன்னாவ. நீ எங்க நின்னு சொல்லப்போற?"

லிஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முடியுமேங்கி சொல்லு. முடியாதேங்கி இஞ்ச வந்து கரையாத, கேட்டியா? கரைய எனக்கே தெரியும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் லிஜாவுக்கு அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது. தானும் இத்தனை நாள் மாடிப்படியில் நின்றவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை வந்தது. சபை முழுவதும் முழங்காலில் நின்றது. எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் குற்றம் செய்தோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, ரெத்தினதாஸின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கணீரென்று கேட்டது. புத்தகம் பார்க்காமலே சொல்வார். இருபத்தைந்து வருஷம் வாரம் தவறாமல் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய நாக்கு. ஆண்டவரிடம் மொத்தமாக ஒத்துக்கொண்டால், மனிதனிடம் சில்லறையாக ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தவர் அவர். இனி ஊரோடு தங்கப்போவதாகச் சொல்லி, சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்கவும் பெயர் கொடுத்திருந்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே சாயா குடித்துக்கொண்டு நின்றார்கள். செல்லபாயைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். லிஜா அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்றாள்.

"எனக்கு ஒரு காரியம் சொல்லணும். ரெஜிலாவுக்க பேருல ஒரு குற்றமும் இல்ல. எனக்க அண்ணன் அங்க வேற கெட்டியாச்சு. டாடிக்கும் மம்மிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சிட்டு நாங்க அந்தப் பிள்ளைக்க பேரக் கெடுத்தோம்."

செல்லபாய் சாயாக் கோப்பையைக் கீழே வைத்தாள். "பிள்ளைக்குச் சொகமில்ல. வெளிநாட்டுல வளந்ததுகளுக்கு இப்பிடியாக்கும்" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். வெளிநாட்டுக் காற்றே மேலே படாமல் வளர்த்தோம் என்று போன வாரம் இதே பெண்களிடம் பீற்றிக்கொண்டவள்.

லிஜா போனை எடுத்து, சஜின் அவளுக்கு அனுப்பியிருந்த குரல் செய்தியை உரக்க வைத்தாள். "லிஜா, நீ டாடிட்ட சண்டைக்குப் போவாத. ரெஜிலாவ நெனச்சா எனக்கும் சங்கடம்தான். கெட்டினவன்னு நான் நிச்சயத்துக்கு முந்தியே சொல்லியிருக்கணும். இனி டாடி பாத்துக்கிடுவாரு."

ரெஜிலாவின் பள்ளிக்கூட மேனேஜரும் அதே சபை; அங்கேதான் நின்றிருந்தார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். ரெத்தினதாஸ் வேகமாக வந்தார்.

"இது ஏதோ கம்ப்யூட்டர்ல உண்டாக்கினதாக்கும். இப்ப எவனுக்க குரலயும் உண்டாக்கலாம்."

பெற்ற மகனின் குரலை அவர் மறுதலித்ததைக் கேட்டு, கமிட்டிச் செயலாளர் பினுவுக்கே பொறுக்கவில்லை. அவரைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார்: "அண்ணே, போய் யோசுவாட்ட மன்னிப்பா ஒரு வார்த்த சொல்லீட்டு வாங்க. நானும் வாறேன். இல்லேங்கி தேர்தல்ல நிக்காண்டாம்."

தேர்தல் என்றதும் ரெத்தினதாஸ் சம்மதித்தார்.

அன்று சாயங்காலமே குளத்தூரில் யோசுவாவின் வீட்டு முற்றத்தில் கார் நின்றது. யோசுவா நாற்காலிகள் எடுத்துப் போட்டார். அவர் மனைவி கதவோரம் நின்றாள். ரெத்தினதாஸ், செல்லபாய், பினு மூவரும் உட்கார்ந்தார்கள். லிஜா நின்றாள். எல்லோரும் ரெத்தினதாஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்து போச்சு. மன்னிக்கணும்னுதான் கர்த்தர் சொல்லியிருக்காரு. நாங்க மனசுல ஒண்ணும் வைக்கல்ல. எல்லாத்தையும் மன்னிச்சாச்சு."

பினு நெற்றியைத் தடவிக்கொண்டார். யோசுவா புரியாமல் மனைவியைப் பார்த்தார். செல்லபாய் கண்ணை மூடி "ஆமென்" என்றாள்.

உள்ளிருந்து ரெஜிலா வந்தாள்.

"அங்கிளே, நீங்க என்னத்த மன்னிச்சீங்க?"

"அது... எல்லாத்தையும்தான்."

"அதுல எனக்க தெற்று எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

ரெத்தினதாஸ் வாயைத் திறந்தார். பினுவைப் பார்த்தார். பினு தரையைப் பார்த்தார். லெஸ்டர் பஸ்ஸில் நூறு பேரிடம் உதிர்த்த அந்த ஒரு சொல், இந்த முற்றத்தில் அவர் தொண்டைக்குழிக்கு மேல் ஏற மறுத்தது. வாட்சைப் பார்த்தார்.

"நேரமாச்சு. வாறோம்."

"இல்ல, இருங்க," என்றாள் ரெஜிலா. குரல் உயரவில்லை. "நீங்க மன்னிச்சத நான் வாங்கல்ல. எடுத்திட்டுப் போங்க."

யோசுவாவின் மனைவி கதவைவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

பினு கார் ஏறவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மற்ற மூவரும் ஏறினார்கள். தெருமுனை திரும்பியதும் செல்லபாய் பெருமூச்சு விட்டாள்.

"கண்டியளா அவளுக்க வாய? இது நம்ம வீட்டுக்கு வந்திருந்தா! கர்த்தர் காத்தாரு."

"நான் அப்பளே சொன்னேன் இல்லியா," என்றார் ரெத்தினதாஸ். "பெண்ணு செரியில்லன்னு."

குரல் பழையபடி கணீரென்று ஆகிவிட்டது. இரண்டு மைல் தாண்டுவதற்குள் அவர் அதை நம்பிவிட்டார். வண்டி ஓட்டுகிறவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்த முகம் நிம்மதியாக இருப்பதை லிஜா பார்த்தாள். இந்த மனிதர் ஒருநாள் மனம் வருந்துவார் என்று எங்கோ ஒரு மூலையில் அவள் இத்தனை வருஷம் வைத்திருந்த ஆசை, அந்த நிமிஷம் செத்தது. அழுகை வரவில்லை. தோளில் கிடந்த சுமை இறங்கினாற்போல இருந்தது.

"வண்டிய நிறுத்துங்க."

பாறசாலை ரயில் நிலையத்துக்குத் திரும்பும் இடம். ரெத்தினதாஸ் நிறுத்தினார். அவள் பாஸ்போர்ட் கிடந்த கைப்பையோடு இறங்கினாள்.

"எங்க போற?"

"திருவனந்தபுரம். அங்க ஒரு கூட்டுக்காரி வீட்டுல இருந்திட்டு லெஸ்டருக்குப் போறேன். தனியா வீடு பாக்கப்போறேன்."

"ஏறு வண்டியில. ஆளுக பாக்குதினும்."

அவள் ஏறவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. ரெத்தினதாஸ் கண்ணாடியை முழுக்க இறக்கி விரலை நீட்டினார்.

"நீ இண்ணைக்கு செய்தது தப்புன்னு ஒருநாள் உனக்குத் தெரியும். அப்ப வருவ."

"தெரிஞ்சா கண்டிப்பா வந்து தப்புன்னு சொல்லுவேன், டாடி," என்றாள் லிஜா. "எனக்கு அது சொல்ல வரும்."