கிஸ்லேனின் அம்மாவை நான் அழித்த கதை

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. வாங்கிக்கட்டிக்கொண்டவன் நான்தான். பழைய இசைத்தட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. எழுதுவது என் வீம்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஜோலியெட் நகரில் பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு...

(வேண்டாம். இங்கே பிப்ரவரியில் பனி பொழியாவிட்டால்தான் செய்தி.)

இரண்டாவது தொடக்கம்: அந்தத் தட்டுக்குள் உறங்கிய மௌனத்தின்...

(சீ.)

2

நடந்ததையே சொல்லித் தொலைக்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் கிஸ்லேன் ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா வாசித்த வயலின். அட்டையிலும் அவர் பெயர் மட்டும்தான். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்ட மாதிரி தட்டு முழுக்கச் சடசடப்பு. இரைச்சல் நீக்கும் மென்பொருளை உச்ச அளவில் வைத்து ஓடவிட்டேன். சுத்தமாக வந்தது. பெருமையாக அனுப்பினேன்.

மறுநாள் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஏம்ப்பா ரெஷான், பாட்டு நல்லாத்தான் இருக்கு. எங்கம்மா எங்க?"

"எந்த அம்மா? வயலின் மட்டும்தானே?"

"அப்போ கரண்டி தட்டுனது யாரு, உங்கம்மாவா?"

இந்த ஊர் நாட்டுப்பாட்டில் இரண்டு கரண்டிகளை ஒரே கையில் பிடித்துத் தொடையில் தட்டித் தாளம் போடுவார்களே, அது. அந்த முட்டாள் மென்பொருளுக்குக் கரண்டியும் ஒன்று, கீறலும் ஒன்று. எனக்கும் அன்றைக்குக் காது வேலை செய்யவில்லை. கிஸ்லேனுக்கு இரண்டு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டாள். அவள் குரல்கூட எங்கும் பதிவாகவில்லை. மிச்சம் இருந்தது இந்தக் கரண்டிச் சத்தம் மட்டும்.

(குறிப்பு: முந்தைய வரைவில் கிஸ்லேன் இந்த இடத்தில் விம்மினாள். பொய். என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள்.)

3

மறுபடி பதிவுசெய்து, ஒவ்வொரு சத்தத்தையும் கையால் பிரித்தேன். தாளத்தில் விழுந்தால் கரண்டி. தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பி வந்தால் கீறல். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒன்பது நாள். அதை விவரமாக எழுதினால் நீங்கள் புத்தகத்தைத் தூக்கி எறிவீர்கள். நான் கணினியையே எறியப் பார்த்தேன்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. இரண்டு நிமிடம் பதினோரு நொடியில் ஒரு 'டக்'. தாளத்திலும் இல்லை, திரும்பியும் வரவில்லை. கிஸ்லேனை வரவழைத்துக் கேட்கவைத்தேன்.

"தூசியா இருக்கும். எடுத்துடட்டுமா?"

"அம்மா தப்பாத் தட்டியிருந்தா?"

"தப்புன்னாலும் எடுத்துட வேண்டியதுதானே?"

"மொதல்ல அதுலேர்ந்து கையை எடு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எல்லாரும் எங்கம்மா தங்கம், தங்கம்னே சொல்லி வச்சிருக்காங்க. அவங்க ஒரு தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்ல ரெஷான். இது அவங்களோடதுன்னா இருக்கட்டும். தூசின்னா எடுத்துடு, எனக்குத் தூசி வேணாம். சனிக்கிழமை வரேன்."

4

முடிவு அ: கரண்டிதான் என்று அடித்துச் சொல்லிவிடுகிறேன். அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள், நான் சொன்ன பொய்யை.

முடிவு ஆ: தூசி என்று அழித்துவிடுகிறேன். ஒரே ஆளை இரண்டாம் முறை...

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். தட்டை நான் கழுவவே இல்லை. துணியால் துடைத்ததோடு சரி. சோம்பல். கழுவி மறுபடி ஓட்டினால் தெரிந்துவிடும். தூசி என்றால் போய்விடும். அவள் என்றால் இருப்பாள்.

இன்று வெள்ளிக்கிழமை. தண்ணீரும் தூரிகையும் எடுத்து வைத்துவிட்டேன். எனக்குக் கை வரவில்லை. வாசகரே, நீங்கள் கழுவுங்கள்.