காட்சிக்கு வைத்த குசினி

"சட்டி ஒண்டும் வராது. சோத்துப் பார்சலும் வராது. இதுக்கு ஓம் எண்டா நானும் வாறன். இல்லாட்டி நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"ஓம் எண்டு மூணு தரம் சொல்லிட்டன் புள்ள. இன்னும் என்ன, லோயரிட்டப் போய்க் கையெழுத்து வெக்கட்டா?"

"வெச்சா நல்லம்தான்."

தாஹிர் சிரித்தான். ஜெமீலா சிரிக்கவில்லை. கிண்ணியாவில் பஸ் ஏறி, பாலம் கடந்து, திருகோணமலை வந்து இறங்கும் வரைக்கும் அவள் அந்த ஓம் என்ற சொல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தாள்.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கி மூன்று கிழமை. கணவனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வேளை தவறாமல் ஆக்கிப் போட்டு அலுத்துவிட்டாள். ஒரு நாளைக்கு, ஒரேயொரு நாளைக்கு, வேறு யாராவது ஊற்றிய தேத்தண்ணியைக் கதிரையில் இருந்து குடிக்க வேண்டும். போன வருஷம் குடும்பமே வேன் பிடித்து நிலாவெளிக்குப் போனது. அன்றைக்குக் கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. புரியாணிச் சட்டியை எந்த மரத்தடியில் இறக்கினார்கள் என்று கேட்டால் சொல்லுவாள்.

துறைமுகத்தை ஒட்டிய பழைய ஒல்லாந்தர் கட்டடம் ஒன்றின் வளவில் 'முன்னோர் ஊர்' என்று புதிதாகத் திறந்திருந்தார்கள். ஓலைக் குடில்கள், குடிலுக்குக் குடில் அந்தக்கால உடுப்போடு ஆட்கள். ஒருவர் சக்கரத்தில் பானை வனைந்தார், ஒருவர் கிழிந்த வலையைப் பொத்தினார். மகள் ரிப்காவின் ரீச்சர் லீவுக்குள் அதைப் பார்த்துக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தா. தம்பி சஜீத்துக்குக் கட்டுரை இல்லை, பசி மட்டும்தான்.

வாசலைத் தாண்டியதும் வாகை மரத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. நாலு பிளாஸ்டிக் கதிரைகள். நேரே எதிரில் துறைமுகத் தண்ணீர், அதில் அசையாமல் நின்ற இரண்டு கப்பல்கள்.

"இதில கொஞ்சம் இருப்பம்" என்றாள் ஜெமீலா.

"எல்லாத்தையும் பாத்திட்டு வந்து ஆறுதலா இருப்பம். கதிரை எங்க ஓடப்போகுது?"

கதிரை ஓடவில்லை. கடைசிக் குடிலில்தான் வினை இருந்தது. 'அந்தக்காலக் குசினி' என்று பலகை தொங்கியது. உள்ளே அடுப்பு, அம்மி, துருவலை எல்லாம் இருந்தன, ஆள்தான் இல்லை. வாசலில் வேறு ஊரிலிருந்து விடுமுறைச் சுற்றுலா வந்த முப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பொறுப்பாளர் பாக்கியரத்தினம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எங்கட குசினி மாதிரியே இருக்கு உம்மா" என்றாள் ரிப்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அம்மியும் இதேதான்."

பொய்யில்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த வருஷத்தில் விறகுக்கு மாறிய அடுப்பு இன்னும் விறகிலேயேதான் எரிகிறது.

பாக்கியரத்தினம் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இதில சமைச்சுக் காட்டுற அன்னலட்சுமிக்குக் காய்ச்சல். பிள்ளையள் ஏமாந்து போகப்போகுதுகள். ஒரு சம்பலை மட்டும் அரைச்சுக் காட்டினீங்களெண்டால் போதும்."

ஜெமீலா கணவனைப் பார்த்தாள். அவன் 'ஏலாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"சம்பல் என்ன சேர், ரொட்டியும் சுடுவா" என்றான் தாஹிர். "இவட ரொட்டியத் திண்டு பாருங்க."

முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. கைப்பையை ரிப்காவிடம் கொடுத்துவிட்டு அம்மிக்கு முன்னால் குந்தினாள். தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் நசுங்கிய வாசத்துக்கு மற்றக் குடில்களில் நின்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ருசி பார்க்க என்று ஒரு ரொட்டி போட்டாள். ஒன்று பத்தாகி, பத்து நாற்பதானது. சஜீத் மட்டும் ஐந்து தின்றான். வீட்டில் குசினிப் பக்கம் எட்டியும் பார்க்காத தாஹிர், "இப்பிடித்தான் தணல ஒதுக்கணும், கவனமாப் பாருங்க" என்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லி, போனில் வீடியோவும் எடுத்தான்.

கூலிங் கிளாஸ் போட்ட ஒரு டவுன் தாய் குனிந்து கேட்டாள். "அந்தக் காலத்துப் பொம்பிளையள் ஒவ்வொரு நாளும் இப்பிடியோ மினக்கெட்டவை?"

"நேத்தும் மினக்கெட்டனான்" என்றாள் ஜெமீலா.

அந்தத் தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். "அச்சொட்டா நடிக்கிறீங்கள்" என்று சொல்லி ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனாள்.

பிள்ளைகளின் வரிசை ஒருவாறு கலைந்தபோது மணி ஐந்து. பாக்கியரத்தினம் கும்பிட்டு, அன்னலட்சுமிக்கு நாளைக்கும் சுகமாகாது போலிருக்கிறது என்று இழுத்தார். ஜெமீலா காது கேளாதவள்போல நடந்தாள். அபாயாக் கையில் மா காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கண் புகையில் இன்னும் எரிந்தது.

வாகை மரத்தடியில் மூன்று கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றில் போய் இருந்தாள். இரண்டு கப்பல்களில் ஒன்றைக் காணவில்லை. அது போனதை அவள் பார்க்கவில்லை.

"எழும்பு புள்ள" என்றான் தாஹிர், போனைப் பார்த்தபடி. "அஞ்சரை பஸ்ஸ விட்டா மறுகா ஏழு மணிக்குத்தான். உண்ட வீடியோவ முப்பது பேர் பாத்திட்டாங்க. வா, தேத்தண்ணிய வீட்ட போய் ஊத்திக் குடிப்பம்."

"யார் ஊத்துற?"

தாஹிர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். பிள்ளைகள் இருவரும் உம்மாவையும் வாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஜெமீலா கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள். "கடைக்காரன் கேத்தலக் கழுவப் போறான். அதுக்கு முன்னுக்குப் போய் ஒரு தேத்தண்ணி வாங்கிட்டு வாங்க. சீனி கொஞ்சம் கூட. கொண்டு வந்து எண்ட கையில தாங்க."