ஆஸ்பிரின் சிவப்பு

2604 ஆகஸ்டு 9, புதன். சின்னப் பிழை ஒன்று. நேற்று அக்காளின் சிறுநீரைக் கொதிக்கவைக்காமலே பார்த்து, 'ஆஸ்பிரின் சிவப்பு' என்று குறித்துவிட்டேன்.

ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் தேதி போட்டு இவ்வளவையும் எழுதிய தம்பிராஜா, 'சின்ன' என்ற சொல்லை அடித்தான். பிறகு சிறுநீரைக் கொதிக்கவைக்கத் தேங்காயெண்ணெய் விளக்கைப் பற்றவைத்தான்.

ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் உதவியாள் வேலை அவனுக்கு. அக்காள் கோகிலாவுக்கு நீரிழிவு. சண்டை வந்து ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்ததிலிருந்து ஆஸ்பத்திரியிலும் ஊசி மருந்து இல்லை. அளந்த சாப்பாடுதான்; கிழங்கு கூடவே கூடாது. தினமும் அவளுடைய சிறுநீரில் ஃபெரிக் குளோரைடுக் கரைசல் சில துளி விட்டுப் பார்ப்பான். மங்குஸ்தீன் தோல் நிறத்துக்குச் சிவந்தால் ரத்தத்தில் நஞ்சு ஏறுகிறது என்று அர்த்தம். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கும் அதே சிவப்பு வரும். ஆனால் முதலில் கொதிக்கவைத்துவிட்டால் நஞ்சின் சிவப்பு வராது. மாத்திரையின் சிவப்பு அப்படியே வரும்.

நேற்று அவளுடைய தலைவலிக்கு அவன்தான் இரண்டு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்திருந்தான். மாலை ஜப்பானிய மொழி வகுப்புக்கும் நேரமாகிவிட்டது. தாமதமாகப் போனால் ஜப்பானிய வாத்தியார் கன்னத்தில் அறைவார்.

"மாத்திரையோட செவப்புதாம்மா. அக்காவுக்குப் பசிக்குதுன்னா கொஞ்சம் குடுங்க," என்றான் அம்மாவிடம்.

அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கோகிலா இரண்டு கையாலும் வாங்கினாள். "டாக்டரய்யா உத்தரவு போட்டுட்டாரு! அப்படியே ஒரு துண்டு மீனும் எழுதிக் குடுங்கய்யா."

"வாயடிக்காம தின்னுடி," என்று அம்மா பூங்காவனம் சிரித்தாள்.

இன்று கோகிலாவின் மார்பு உயர உயர ஏறி இறங்கியது. மூச்சில் அழுகிய பழ வாடை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

விடியலில் பிடித்து வைத்திருந்த சிறுநீரை அவன் இரண்டு குழாய்களில் ஊற்றினான். ஒன்றில் துளி விட்டான். சிவந்தது. மற்றதைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துளி விட்டான். வெளிர்மஞ்சள். இன்னும் இரண்டு துளி விட்டான். அதே மஞ்சள். அப்படியானால் முதல் குழாயில் இருந்தது நஞ்சின் சிவப்பு.

அம்மா பின்னால் வந்து நின்றாள். சிவந்த குழாயை அவன் உடம்பு மறைத்திருந்தது.

"செவப்பு இல்லியேப்பா."

அவன் கரைசல் புட்டியை மூடினான்.

"நல்லதுதானே? சொல்லுடா."

"ம்."

அம்மா அந்தக் குழாயை வாங்கிக்கொண்டு பாயருகே ஓடினாள். "கோகிலா, பாரும்மா. செவப்பே இல்ல. தம்பி பாத்துட்டான்."

காலை பத்தரை மணிக்குக் கோகிலாவின் மூச்சு நின்றது. குழாய் அம்மாவின் கையிலேயே இருந்தது. அவன்தான் விரல்களைப் பிரித்து எடுத்தான்.

லாரி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அடைக்கப்பன் மாட்டுவண்டி கொண்டுவந்தார். இடுகாட்டுக்குப் போகும் காஜா பேராங் சாலையில் ஏழு பேர் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். புதைத்துவிட்டுத் திரும்பியபோது மாலை வகுப்பு நேரம் தாண்டியிருந்தது.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து எவ்ளோ ஆசையா தின்னா. நீ குடுக்கச் சொன்ன. இல்லாட்டி வெறும் வயித்தோட போயிருப்பாடா."

"அம்மா..."

"என்னய்யா?"

அவன் குறிப்பேட்டை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான்.

"நாளைக்குப் பால் தெளிக்கிறப்ப அதையே படைச்சிருவோம்," என்றாள்.

"சரிம்மா."

குறிப்பேட்டைத் திறந்து எழுதினான்: 'நாளை விடிந்ததும் கொல்லையில் மரவள்ளிக்கிழங்கு தோண்ட வேண்டும்.'