நேத்து வாங்குன சீட்டு

பாஸ்வேர்டு சரியாக இருந்தால் உள்ளே விட வேண்டும். தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்ல வேண்டும். டாக்டர் தேவயானியின் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் இரண்டையும் செய்யவில்லை. பெயரையும் பாஸ்வேர்டையும் மரியாதையாக வாங்கிக்கொண்டது. ஒரு நொடி யோசித்தது. பிறகு, உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றுகூடச் சொல்லாமல், பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று முதலிலிருந்து கேட்டது. திங்கட்கிழமை காலையிலிருந்து பிரின்சி அதற்கு நூறு தடவைக்கு மேல் பதில் சொல்லிவிட்டாள். இன்றைக்குச் செவ்வாய்.

பிரின்சிக்கு இருபத்து நான்கு வயது. தேனி கடைவீதியில் இரும்புக்கடை ஜெபமணியின் ஒரே மகள். ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் அந்தக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று ஒரு பலகை மாட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை ஏறி வந்தவர்களில் பாதிப்பேர் தாழ்ப்பாள் கேட்டு வழி தவறியவர்கள். அப்போதுதான் சின்னமனூரில் பன்னிரண்டு படுக்கை மருத்துவமனை நடத்தும் தேவயானி, நோயாளிகளின் விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். பல நாட்டு டாக்டர்களும் புரோகிராமர்களும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்த மென்பொருள் ஒன்று பிரின்சிக்குத் தெரியும். முடியும் என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன வாய்க்கு இப்போது சோதனை. அவள் கைப்பையில் சென்னையிலிருந்து வந்த வேலை உத்தரவு ஒன்று இருந்தது. சித்தப்பா பிடித்துக் கொடுத்த வேலை. வருகிறேன், வரவில்லை என்று இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். சின்னமனூர் வேலை ஒழுங்காக ஓடிக் காட்டினால் உத்தமபாளையம், கம்பம், போடி என்று இன்னும் நான்கு டாக்டர்கள் கேட்கக் காத்திருந்தார்கள். அவள் தேனியிலேயே இருந்துவிடலாம். ஓடாவிட்டால் பலகையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு ரயிலேற வேண்டியதுதான். அவளுக்குப் போக மனமில்லை. ஒரு துளிகூட இல்லை.

"சாயங்காலம் அஞ்சு மணி ஓபி வரைக்கும் பாப்பேன் பிரின்சி," என்று தேவயானி காலையிலேயே சொல்லிவிட்டார். "அதுக்குள்ள சரியாகலேன்னா பழைய நோட்டையே எடுத்துர்றேன். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? சனிக்கிழமை இதே அறையில், இதே கம்ப்யூட்டரில் எல்லாம் ஜம்மென்று ஓடியது. பதிவு மேசை, டாக்டர் அறை, மருந்தகம் என்று மூன்று கம்ப்யூட்டர். விவரங்கள் அத்தனையும் பதிவு மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கும். மற்ற இரண்டும் கேபிள் வழியாக அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை கேட்டன, கொடுத்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் பதிவு மேசையில் மட்டும் வேலை நடக்கிறது, மற்ற இரண்டும் வாசலிலேயே நிற்கின்றன.

பிரின்சி திங்கட்கிழமை முழுக்கக் கேபிளோடு மல்லுக்கட்டினாள். எலி கடித்திருக்கிறதா என்று சுவரோரமாகத் தவழ்ந்து பார்த்தாள். கேபிள் முனைகளை வெட்டிப் புதிதாக மாட்டினாள். வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தாள். டாக்டர் அறையிலிருந்து பதிவு மேசையைக் கூப்பிட்டால் அது உடனே பதில் சொன்னது. ஆக, வழியில் பழுதில்லை. பிறகு ஏன் உள்ளே விட மறுக்கிறது?

"ஓசியில வந்ததுல்ல, அதேன் மதிக்க மாட்டேங்குது," என்றார் மருந்தகத்து முத்துராஜா. அவர் மருந்துச் சீட்டை மூக்குக்கு நேரே பிடித்துப் படிக்கிறவர். கம்ப்யூட்டர் வந்தால் டாக்டரம்மா கையெழுத்திலிருந்து விடுதலை என்று அவர்தான் எல்லாரையும்விட ஆசையாகக் காத்திருந்தார். ஆசை கெட்டதும் நக்கல் வந்துவிட்டது.

திங்கட்கிழமை ராத்திரி அந்த மென்பொருள்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்குத் தன் கஷ்டத்தை எழுதிப் போட்டிருந்தாள். செவ்வாய் காலை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பார்த்தபோது கென்யாவிலிருந்து ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: இரண்டு கம்ப்யூட்டரிலும் கடிகாரம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்.

ஓடி வந்து பார்த்தாள். பதிவு மேசையில் திரையின் மூலையில் மணி பதினொன்று இருபது. டாக்டர் அறையிலும் பதினொன்று இருபது. கென்யாக்காரருக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டு, அவர் சொன்னதைக் குப்பையில் போட்டாள்.

அப்புறம்தான் அவளுக்குப் பதிவு மேசை சங்கிலியம்மாள்மேல் சந்தேகம் விழுந்தது.

சங்கிலியம்மாள் பத்தொன்பது வருடமாக அந்த மேசையில் இருக்கிறாள். வந்தவர் பெயர், ஊர், வயது எல்லாம் அவள் நோட்டில் குண்டு குண்டான எழுத்தில் இருக்கும். காலையில் சுவர்க் காலண்டரில் தேதி கிழிப்பதும் அவள்தான். வேறு யாராவது கிழித்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். கம்ப்யூட்டர் வைக்கப் போகிறோம் என்றதும் அவள் சொன்ன ஒரே ஆட்சேபம், "ஆடி போகட்டுமே ஆத்தா" என்பதுதான். ஆடியில்தான் கூட்டம் குறைவு, பழகிக்கொள்ளத் தோது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரின்சியோ, "எங்களுக்கெல்லாம் ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாதுக்கா" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஆனால் பழகுவதில் சங்கிலியம்மாள் கெட்டிக்காரி. மவுஸை எப்படிப் பிடிப்பது, மூலையில் இருக்கும் மணியை இரண்டு தட்டுத் தட்டினால் காலண்டர் எப்படி வரும் என்பதெல்லாம் பிரின்சி ஒரே நாளில் சொல்லிக் கொடுத்தாள். முதல் நோயாளிக்கு ஏன் எண் இரண்டு விழுகிறது, ஒன்று எங்கே போனது என்றுகூடச் சங்கிலியம்மாள் கேட்டாள். ஒன்று சும்மா சோதனைக்குப் போட்டது என்று பிரின்சி சொல்லியிருந்தாள்.

"அக்கா, சனிக்கிழமைக்கப்புறம் இதுல எதையும் தொட்டீகளா?"

"உள்ள இருக்கிறது எதையும் தொடலையே ஆத்தா," என்றாள் சங்கிலியம்மாள். சொல்லும்போது பிரின்சியைப் பார்க்கவில்லை, சீட்டுக் கட்டைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அலைச்சல், பையில் இருக்கும் கடிதம், முத்துராஜாவின் நக்கல் எல்லாம் சேர்ந்து பிரின்சியின் வாயில் வந்து நின்றன. "உங்க மேசையில மட்டும் வேலை செய்யுது, மத்த ரெண்டுலயும் செய்யல. நோட்டு போயிருச்சுன்னா உங்களுக்கு வருத்தமாத்தேன் இருக்கும். அதுக்காக என் பொழப்புல கை வைக்கலாமாக்கா?"

சங்கிலியம்மாளுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. எழுந்து போய், யாரும் கேட்காமலே, பிரின்சிக்கு டீ வாங்கி வந்து மேசையில் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த டீயைக் குடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பிரின்சி அவதிப்பட்டாள்.

மூன்று மணிக்கு, வேறு வழி தெரியாமல், மென்பொருளை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது மருந்தகத்தில் சத்தம் கிளம்பியது. ஓடைப்பட்டி கருத்தம்மாள் முத்துராஜாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நேற்று காய்ச்சலுக்குக் காட்டிவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவோடு இன்றைக்கு வந்திருக்கிறாள். அந்த மருத்துவமனையில் ஒரு சீட்டு வாங்கினால் ஏழு நாளைக்குச் செல்லும். அதற்குள் எத்தனை தடவை வந்தாலும் புதுச்சீட்டு வேண்டாம். மறுபடி வருகிறவர்களின் சீட்டில்தான் முத்துராஜா கெடு பார்ப்பார்.

"சீட்டு செல்லாதும்மா. கெடு முடிஞ்சு போச்சு," என்றார் முத்துராஜா, சீட்டை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு.

"யோவ், நேத்து வாங்குன சீட்டு போன வாரமே கெட்டுப்போகுமா? நான் என்ன தயிரா வாங்குனேன்?"

"பதினேழாம் தேதி வரைக்கும்னு போட்டிருக்கு. இன்னைக்கு இருபத்தொண்ணு. நான் என்ன செய்ய?"

பிரின்சி எழுந்து போய்ச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். நேற்று அச்சான சீட்டு. தேதி, ஜூலை பத்து. அதன்படி கெடு பதினேழு. இன்றைக்கோ இருபத்தொன்று. கையில் கொடுக்கும்போதே காலம் முடிந்துபோன சீட்டு.

அவளுக்கு உச்சந்தலையில் யாரோ ஓங்கித் தட்டினதுபோல் இருந்தது. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் பதிவு மேசைக் கம்ப்யூட்டரும் ஒரு சீட்டுத்தான் கொடுக்கும். இவர் நம்ம ஆள், அரை மணி நேரத்துக்கு உள்ளே விடலாம் என்று. அந்தச் சீட்டிலும் ஜூலை பதினொன்று என்று இருந்தால்? டாக்டர் அறைக் கம்ப்யூட்டருக்கு இன்றைக்கு இருபத்தொன்று. முத்துராஜா மாதிரியே அதுவும் வாங்கிப் பார்த்து, கெடு முடிந்தது என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பெயரைக் கேட்கிறது. பதிவு மேசையில் மட்டும் தேதி தனக்குத்தானே ஒத்துப்போவதால் வேலை நடக்கிறது. கென்யாக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. திரையின் மூலையில் மணி மட்டும்தான் தெரியும், தேதி தெரியாது. இவள் மணியைப் பார்த்தாளே தவிர நாளைப் பார்க்கவில்லை.

பதிவு மேசைக்கு வந்து மணியை இரண்டு தட்டுத் தட்டினாள். காலண்டர் விரிந்தது. ஜூலை பதினொன்று. பக்கத்துச் சுவரில் சங்கிலியம்மாள் கிழித்துவிட்ட காலண்டரில் ஆடி ஐந்து, ஜூலை இருபத்தொன்று.

"அக்கா," என்றாள் பிரின்சி. குரல் தானாகத் தணிந்துவிட்டது. "தேதிய மாத்துனீகளா?"

சங்கிலியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீதேன் சொல்லிக் குடுத்த. ரெண்டு தட்டுத் தட்டினா காலண்டர் வரும்னு. திங்கக்கிழமை மொத ஆளப் பதியுறதுக்கு முன்னால, ஆனி இருபத்தாறு வெள்ளிக்கிழமைக்கு வச்சேன். அது நல்ல நாளு."

"ஏன்க்கா?"

"ஒனக்கு இது மொத வேல. ஆடியில தொடங்குனது ஒண்ணும் வெளங்காதும்பாக. நீ சிரிச்சுட்டுப் போயிட்ட, உங்க வீட்டுல பாக்குறதில்ல, சரி. ஒனக்காக நான் பாத்தேன். தேதி மாறுனா கம்பிக்கு என்ன ஆகும்னு எனக்கென்னத்தா தெரியும்? சொன்னா மறுபடியும் சிரிப்பேன்னு சொல்லல."

பிரின்சிக்குக் காலையில் தான் பேசியதை எந்தப் பட்டனை அழுத்தினால் அழிக்கலாம் என்றிருந்தது. அப்படி ஒரு பட்டன் எந்த மென்பொருளிலும் இல்லை. "நான் பேசுனது தப்புக்கா," என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கியதை மறைக்கத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேதியை இருபத்தொன்றாக மாற்ற நான்கு நொடி ஆயிற்று. "இப்பப் போட்டுப் பாருங்கண்ணே!" என்று கத்தினாள். மருந்தகத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு முத்துராஜாவின் குரல், "உள்ள விட்டுருச்சு! ஏ, கருத்தம்மா, ஓம் பேரு வருது!" என்று தெருவுக்கே கேட்டது.

அதோடு முடியவில்லை. இரண்டு நாளில் பதிந்த ஐம்பத்தாறு பேருக்கும் தேதி தப்பு. யார் எந்த நாள் வந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிரின்சி தலையைப் பிடித்துக்கொண்டபோது சங்கிலியம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து தன் பழைய நோட்டை எடுத்தாள். இரண்டு நாளும் அதிலும் எழுதியிருந்தாள். சரியான தேதியோடு.

"இதுல மட்டும் ஆடின்னு எழுதியிருக்கீக?"

"நோட்டுக்கு என்ன? அது பத்தொம்பது வருசமா ஓடுறது. புதுசுக்குத்தேன் நாளு பாக்கணும்."

அவள் வாசிக்க வாசிக்க பிரின்சி திருத்தினாள். கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வந்து எண் இரண்டையும் திருத்தினதும் சங்கிலியம்மாள் பெருமூச்சு விட்டாள். "ம். அப்ப ஆடி நாலுலதேன் தொடங்குனதா ஆகிப்போச்சு."

பிரின்சி ஒரு கணம் யோசித்துவிட்டு எண் ஒன்றைத் திறந்தாள்.

தேனியில், இரும்புக்கடை மாடியில், இதே கம்ப்யூட்டரில் இந்த மென்பொருளை முதன்முதலாக ஓடவைத்தபோது சோதனைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. இடம் பார்க்க வந்த அன்றைக்கு, வெயிலில் வந்திருக்கிறாய் என்று மோர் கொடுத்து உட்காரவைத்த ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெயரைப் போட்டாள். அப்புறம் அழிக்க நினைத்து மறந்துவிட்டாள். திரையில் அது அப்படியே இருந்தது. பெயர், சங்கிலியம்மாள். ஊர், சின்னமனூர். பதிந்த நாள், ஜூன் இருபத்தெட்டு.

சங்கிலியம்மாள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "ஆனி பதினாலு," என்றாள். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி முகூர்த்தப் பட்டியலில் விரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க முத்துராஜாகூட மருந்தகத்தை விட்டு எட்டிப் பார்த்தார்.

ஐந்து மணி ஓபி தேவயானியின் திரையில் ஒழுங்காக ஓடியது. என்னதான் கோளாறு என்று அவர் கேட்டார். பிரின்சி, "தேதி கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிருச்சு டாக்டர்," என்றாள். சங்கிலியம்மாள் விடவில்லை. "நான்தேன் டாக்டரம்மா மாத்துனேன்," என்று தானாகச் சொன்னாள். தேவயானி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், சிரித்தார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஆறரை மணிக்கு பிரின்சி சித்தப்பாவுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேவயானி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பிரின்சி, உத்தமபாளையம் டாக்டர் சண்முகராஜ் லைன்ல இருக்காரு. அவுக ஆஸ்பத்திரியில என்னைக்கு ஆரம்பிக்கலாம்னு கேக்குறாரு. நாளைக்கே வரச் சொல்லவா?"

பிரின்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு பதிவு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"சங்கிலிக்கா, ஆவணியில மொத முகூர்த்தம் என்னைக்கு?"