அக்காவின் குதிகால்

தென்னூரில் பிரேமலதா நடத்தும் அழகு நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முகத்துக்காக வருவதில்லை, காலுக்காக வருகிறவர்கள். நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் ஆசிரியைகள், துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள், கல்யாணப் பெண்கள். வெடித்துக் கருத்த குதிகாலோடு வந்து உட்காருகிறவர்கள், எழுந்து போகும்போது தங்கள் காலையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போவார்கள். அதில் பிரேமலதாவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவளுடைய அக்கா அழகம்மாள் மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அக்கா கே.கே. நகரில் இருந்தாள். அவள் கணவர் செந்தமிழன் கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் யாழினி. அக்காவுக்குச் சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கொஞ்ச காலமாகப் பாதம் மரத்துப்போயிருந்தது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நாலடி நடந்துவிடுவாள். குதிகால் தோல் காய்ந்து தடித்து, ஓரமெல்லாம் பிளந்து கிடந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினிக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பிரேமலதா அக்காவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி இந்தக் காலோடவா நிப்ப? உக்காருக்கா."

"வேணாம்டி லதா. டாக்டர் சொல்லியிருக்காங்க. சுடுதண்ணியில ஊற வைக்கக் கூடாதாம், சுரண்டக் கூடாதாம். தினம் க்ரீம் மட்டும் தடவணுமாம். அதுவும் விரலிடுக்குல படக் கூடாதாம்."

"டாக்டருங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. இத்தனை வருஷத்துல நான் பாக்காத காலா? பேசாம என் கையில விட்டுட்டு உக்காரு."

அக்கா சிரித்துக்கொண்டே புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண் காத்திருந்தாள். அவள் அம்மா கடிகாரத்தையும் பிரேமலதாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அவசரத்தில் பிரேமலதா கெட்டிலில் கொதித்திருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கலந்து, கை வைத்துப் பார்க்காமலே அக்காவின் கால்களை உள்ளே எடுத்து வைத்தாள்.

"சூடு அதிகமா இருக்காக்கா?"

"இல்லடி. இதமாத்தான் இருக்கு."

கல்யாணப் பெண்ணைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தவள், தண்ணீருக்குள் கையை விட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் ஆறிய பிறகும் கை தாங்கவில்லை. அக்காவின் பாதங்கள் கணுக்கால் வரை சிவந்திருந்தன. அக்கா போனில் யாழினியின் நிச்சயதார்த்தப் புடவைப் படத்தைப் பெரிதாக்கிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேமலதா ஒன்றும் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு, ஊறி மெத்தென்று ஆகியிருந்த குதிகாலைச் சுரண்ட ஆரம்பித்தாள். தடித்த தோல் சுருள் சுருளாக வந்தது. வலது காலில் ஓரிடத்தில் சற்று ஆழமாகப் போய், இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதன் மேல் க்ரீமை அப்பினாள். விரல் நகங்களுக்கு நெயில் பாலிஷ் போட்டாள்.

"பாத்தியா, காலு ரோஸ் கலர்ல ஆயிடுச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் அக்காவும் செந்தமிழனும் ஸ்ரீரங்கம் போனார்கள். செந்தமிழனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அவர் அப்பா காலத்திலிருந்தே கட்சிக் குடும்பம். ஆனாலும் மகளுடைய நல்ல காரியத்துக்கு முன்னால் பெருமாளைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று மனைவி கேட்டபோது மறுக்கவில்லை. காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டியது. தொழிற்சாலை நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட, அவரோடு பேசிப் பேசிச் செந்தமிழன் நேரத்தை விட்டுவிட்டார். கோயிலுக்குள் போகும்போது உச்சி வெயில். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று அக்கா, விரித்திருந்த பாயை விட்டு இறங்கி, குறுக்கே வெறும் கல்லில் நடந்தாள். செந்தமிழன் சூடு பொறுக்காமல் தத்தித் தத்தி ஓடி நிழலில் ஒதுங்கினார். அக்கா நிதானமாக நடந்து வந்து, "இதுக்கே இப்படிக் குதிக்கிறீங்க?" என்று அவரைக் கேலி செய்தாள்.

நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. விருந்தாளிகள் போன பிறகு கூடத்தைப் பெருக்க வந்த யாழினிதான் தரையில் ஈரத் தடத்தைப் பார்த்தாள். தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தாள். துணியில் சிவப்பு ஒட்டியது. தடம் போன வழியே போனால், அம்மா சமையலறையில் நின்று பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். வலது குதிகாலில் பெரிய கொப்புளம் உடைந்து, தோல் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மருத்துவமனைக்குப் பிரேமலதாவும் போனாள். டாக்டர் லூர்துராணி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுடுதண்ணியில கால வச்சீங்களாம்மா?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "இல்லீங்க டாக்டர். வீட்ல அதெல்லாம் தொடுறதே இல்ல. சனிக்கிழம கோயிலுக்குப் போனோம். கல்லு சுட்டிருக்கும் போல."

"என்னாலதான் டாக்டர்" என்றார் செந்தமிழன். "காலையில கூட்டிட்டுப் போயிருக்கணும். அரட்டை அடிச்சிட்டு வெயில்ல கூட்டிட்டுப் போனேன்."

பிரேமலதா கதவோரமாக நின்றிருந்தாள். வாயைத் திறக்க ஒரு கணம் இருந்தது. அதற்குள் டாக்டர் நர்சைக் கூப்பிட்டுவிட்டார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

புண்ணில் சீழ் வைத்தது. காய்ச்சல் வந்தது. அழுகிய சதையை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். எலும்பு வரைக்கும் போயிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் அக்கா காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று உத்தரவு. கட்டிலிலேயே கிடந்தாள்.

பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் செந்தமிழன் தானாகவே முந்திக்கொண்டு சொன்னார். "எல்லாம் என்னாலதாங்க." யாரும் கேட்காமலே சொன்னார். சாப்பாடு கொண்டுவரும் பிரேமலதா, அந்தப் பேச்சு ஆரம்பித்ததும் பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். அக்கா எழுந்து நடக்கட்டும், சொல்லலாம். யாழினி கல்யாணம் முடியட்டும், சொல்லலாம். அவளுக்குள் தவணைகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன. கடையில் தண்ணீரை முழங்கை வைத்துப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். "என்ன பிரேமா, தண்ணி ஆறியே போச்சு" என்று வாடிக்கைக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

வைகாசியில் ஒருநாள் மதியம் சாப்பாட்டோடு போனாள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து வரலாம் என்று மாடிக்கு ஏறினாள். மொட்டைமாடி நடுவே, நிழல் சற்றும் இல்லாத இடத்தில், செந்தமிழன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். முகம் கோணியிருந்தது. கால் மட்டும் அசையவில்லை. செருப்பு போட்டிருந்த பிரேமலதாவுக்கே தரையின் அனல் முழங்கால் வரை ஏறியது.

"மாமா! என்ன பண்றீங்க?"

அவர் மாட்டிக்கொண்டவர் போலப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு பாத்தேன். நம்மால கொஞ்ச நேரம்கூட நிக்க முடியல. அவள அவ்வளவு தூரம் நடக்க விட்டிருக்கேன்."

பிரேமலதா அவர் கையைப் பிடித்துப் படிக்கட்டு நிழலுக்கு இழுத்து வந்தாள். அவர் பாதங்கள் சிவந்திருந்தன. தொட்டியிலிருந்து எடுத்தபோது அக்காவின் பாதங்கள் இருந்த அதே சிவப்பு.

"மாமா, நீங்க இல்ல. நான்தான்."

"என்னம்மா?"

"வெள்ளிக்கிழமை கடையில அக்கா காலைச் சுடுதண்ணியில வச்சேன். கை வச்சுப் பாக்கல. அப்புறம் பாத்தப்ப என் கையே பொறுக்கல. கால் செவந்து போயிருந்துச்சு. தெரிஞ்சும் சொல்லல. அதுக்கு மேல சுரண்டி வேற விட்டேன். தோல் கிழிஞ்சதும் தெரியும். க்ரீமைப் போட்டு மூடிட்டேன்."

செந்தமிழன் படிக்கட்டில் உட்கார்ந்து தன் பாதங்களைப் பார்த்தார். கீழே தெருவில் ஒரு ஆட்டோ நின்று, புறப்பட்டுப் போனது.

"கீழ வா" என்றார். "அவகிட்ட சொல்லு."

அக்கா கண் விழித்திருந்தாள். பிரேமலதா கட்டில் ஓரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. கட்டுப் போட்டிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேனேடி" என்றாள் கடைசியில். "டாக்டர் கூடாதுன்னு சொன்னதை உன்கிட்ட சொன்னேன்ல?"

"சொன்னக்கா."

"பார்லருக்குப் போனதைச் சொன்னா டாக்டர் திட்டுவாங்கன்னு நானும்தான் மறைச்சேன். ஆனா தண்ணி கொதிச்சது எனக்குத் தெரியாது லதா. உனக்குத் தெரியும்." அக்கா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள். "என் காலு கெடக்கட்டும். இந்த மனுஷன் என் முகத்தைப் பாத்துப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? தினம் சாப்பாடு கொண்டு வந்து வச்சிட்டு, இவர் புலம்புறதையும் கேட்டுட்டுப் போனியே. எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

பிரேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு அக்கா சாப்பாடு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். யாழினி ஒருநாள் போன் செய்தாள். "கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துடுங்க சித்தி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "மேக்கப்புக்கு வேற ஒருத்தங்களச் சொல்லிட்டேன்" என்றாள். யாழினி பிறந்ததிலிருந்து அவளுக்குக் கல்யாண அலங்காரம் செய்யப்போவது தான்தான் என்று பிரேமலதா சொல்லாத ஆள் கிடையாது. "சரிம்மா, நல்லா பண்றவங்களாப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

ஆடியில் புண் ஆறி, மேலே மெல்லிய புதுத்தோல் மூடியது. பிரேமலதா அந்த வாரம் தனியாகப் போய் டாக்டர் லூர்துராணியைப் பார்த்தாள். அவரிடமும் மறைத்ததை அவரிடம் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும் என்று தோன்றியது. டாக்டர் முழுவதும் கேட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். "கேட்டேனே."

"தப்புதாங்க டாக்டர்."

"ஆனா ஒண்ணும்மா. வெந்நீரு, சுரண்டினது, அப்புறம் உச்சி வெயில்ல கல்லு. எதனால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. கல்லு மட்டுமே இதைச் செஞ்சிருக்கலாம். உணர்ச்சி இல்லாத காலுக்கு அது போதும். இனிமே தினம் காலைப் பாக்கச் சொல்லுங்க. அந்தத் தோலைக் காய விடாதீங்க. இன்னொரு வாட்டி வெடிச்சா மூடுறது கஷ்டம்."

வெளியே வந்தபோது பிரேமலதாவுக்கு உடம்பு லேசானது போல இருந்தது. கல்லாகவும் இருக்கலாம். டாக்டரே சொல்லிவிட்டார். கே.கே. நகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். பாதி என்னுடையது, பாதிதான் என்னுடையது. மீதிப் பாதி யாருக்குப் போகும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மொட்டைமாடியில் கோணிய முகத்தோடு நின்ற மனிதர் கண்முன் வந்தார். அக்கா வீட்டு நிறுத்தத்தில் இறங்கி, பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது அக்கா நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். செந்தமிழன் முன்னால் முக்காலி போட்டு அமர்ந்து, அந்தப் பாதத்தைத் தன் மடியில் துண்டு விரித்து வைத்துக்கொண்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார். உள்ளங்காலில், குதிகாலின் ஓரங்களில், மெதுவாக. கை பழகியிருக்கவில்லை. பிரேமலதாவின் விரல்கள் தாமாகவே அசைந்தன. முந்தானைக்குள் அவற்றை மடக்கிக்கொண்டு, வாசலருகே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்கா வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"டாக்டரைப் பாத்துட்டு வரேன்" என்றாள் பிரேமலதா. "எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

செந்தமிழனின் கை நின்றது. "என்ன சொன்னாங்க?"

அவர் நிமிர்ந்து அவளையே பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

"கல்லு இல்லையாம் மாமா" என்றாள். "தண்ணிதானாம். நான் சுரண்டினதுதானாம்."

செந்தமிழன் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விரலிடுக்குல படுதுங்க" என்றாள் அக்கா அவரிடம். அவர் துண்டின் நுனியால் ஒவ்வொரு இடுக்காகத் துடைக்க ஆரம்பித்தார்.