சுலோசனாக்காவின் காலண்டர் தாள்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கோபத்தில்தான் எண்பது சிப்புகளைக் கெடுத்தேன்.

திருமழிசை தொழிற்பேட்டையில் எங்களுடையது ஆறு பேர் வேலை பார்க்கும் யூனிட். ரயில் பெட்டிக்குள் அடுத்த நிலையத்தின் பெயரைக் காட்டும் கருவிக்கு போர்டு செய்கிறோம். ஒவ்வொரு போர்டிலும் லினக்ஸ் என்ற மென்பொருள் ஓடும்; அது என் பொறுப்பு. அது குடியிருப்பது நாண்ட் என்ற ஒரு நினைவகச் சிப்பில். திங்கட்கிழமைக்குள் எழுபத்தைந்து போர்டு போக வேண்டும். முதலாளி ஏகாம்பரம் அண்ணனுக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். கையில் இருந்தது எண்பது சிப். இன்னொரு பெட்டி வர ஏழு வாரம் ஆகும்.

இந்தச் சிப்பில் தகவலைப் பதியும் கட்டங்கள், அதாவது பிளாக்குகள், ஆயிரத்துச் சொச்சம். அதில் சில பிறவியிலேயே பழுது. தயாரிப்பவர்களே சோதித்து, பழுதான பிளாக்கில் ஒரு குறி வைத்துத்தான் அனுப்புவார்கள். குறியைப் பார்த்தால் லினக்ஸ் அதைத் தாண்டி அடுத்த பிளாக்குக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தேன் என்பதுதான் வெட்கம்.

சிப்பில் எழுதும் மெஷினில் உட்காருபவர் சுலோசனாக்கா. மேனாம்பேட்டுக்காரர். இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் செக்கிங். ஒவ்வொரு சிப்பையும் வைத்ததும் திரையில் வரும் பழுது எண்களைத் தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, சிப்பின்மேல் ஒரு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார். சிப்புக்கு ஒரு நிமிடம் தண்டம்.

"அக்கா, சிப்புலயே குறி கீது. அத்த எதுக்கு இன்னொரு தபா எழுதினுகீறீங்க?"

"பழுது எங்க கீதுன்னு எழுதாம துணில கத்திரி வெச்சா சூப்பர்வைசர் தொலச்சிடுவாரு சார். பழகிப்போச்சு."

"இது துணி இல்லக்கா. நிறுத்துங்க."

"செரி சார்."

வியாழக்கிழமை, பழுது உள்ள சிப்புகளை மெஷின் சிவப்பு விளக்கு காட்டித் தள்ள ஆரம்பித்தது. குறியுள்ள பிளாக்கைத் தாண்டி எழுதும்படி செட்டிங்கை மாற்றியிருக்க வேண்டும். வந்த கோபத்தில் அதைத் தேட எனக்குப் பொறுமையில்லை. குறியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்து எழுது என்று கொடுத்துவிட்டேன். அத்தனையும் பச்சை! எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அக்கா சாப்பிடப் போன நேரத்தில் நானே நாலு சிப்பை எழுதி, எவ்வளவு வேகம் பாருங்கள் என்று மற்றவர்களிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

சனிக்கிழமை காலை, வெயிலைத் தாங்குமா என்று பார்க்க முதல் பத்து போர்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்தோம். அறுபது டிகிரியில் மூன்று போர்டு எழுந்திருக்கவில்லை. மேசைமேல் நல்ல பிள்ளையாக நடித்த பழுது பிளாக்குகள் சூட்டில் காலை வாரிவிட்டன. எவை பழுது என்று சிப்பைக் கேட்கவும் முடியாது. குறிகளைத்தான் நானே அழித்துவிட்டேனே!

ஏகாம்பரம் அண்ணனிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னா ஜெகா, இப்டி பண்ட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆர்டர் கொடுத்தவரிடம் பேசப் போனை எடுத்தார்.

"அண்ணாத்தே, கொஞ்சம் இருங்க" என்று சுலோசனாக்கா வந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட காலண்டர் தாள் கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "கோச்சுக்காதீங்க சார். நீங்க நிறுத்தச் சொன்னீங்க. கை கேக்கல, எழுதிகினேதான் இருந்தேன்."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்கத் தாள்களை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அவர் எண்களைப் படிக்க, நான் அடித்தேன். ஸ்டிக்கர் நம்பரைப் பார்த்து ஒவ்வொரு சிப்பிலும் பழைய பழுதுகளுக்குத் திரும்பக் குறி வைத்து, இந்த முறை ஒழுங்காகத் தாண்டி எழுதினோம். போர்டில் ஏறிவிட்ட பத்தையும் கேபிள் போட்டுச் சரிசெய்தோம். ஞாயிறு மதியத்துக்குள் எழுபத்தைந்து போர்டும் சூட்டில் ஒரு முனகல் இல்லாமல் எழுந்தன. அண்ணன் பிரியாணி வரவழைத்தார்.

தட்டில் ஐந்து சிப் மிச்சம். சுலோசனாக்கா ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். மற்ற நாலையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுங்கள்ல ஸ்டிக்கரே இல்ல, தாள்லயும் காணோம். இத்த நம்பி போர்டுல வெக்க முடியாதே. யாரு போட்டது?"

"நான்தான்க்கா."

அவர் சுவர்ப் பக்கம் போனார். அங்கிருந்த காலண்டரில், பொழுது சாய்வதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமையைக் கிழித்து, எழுதாத பின்பக்கம் தெரிய நாலாக மடித்து, என் சட்டைப் பையில் வைத்துவிட்டு பிரியாணி சாப்பிடப் போனார்.