மன்னிப்புக்கு நேரம்: செவ்வாய் நாலு முதல் ஆறு

முதல் தடவை கிலாஃபோ மன்னிப்புக் கேட்க வந்தபோது அவன் கையில் ஒரு சட்டி மஃப்ரூம் இருந்தது. உருளைக்கிழங்கைப் பிளந்து, நடுவில் கறியைத் திணித்துப் பொரித்து, தக்காளிக் குழம்பில் போட்டது. அவன் மனைவி ரூபினாவின் கைப்பக்குவம். லிபியாவிலிருந்து வந்து இஸ்ரேலின் நெதன்யாவில் இருக்கிற திரிப்போலி யூதர்கள் யாரும் அந்தச் சட்டியை வேண்டாம் என்று சொன்னதில்லை. கஸாலா சொன்னாள்.

"சட்டியத் தூக்கிட்டு வந்த வழியே போ."

"அக்கா, புத்தாண்டு வருது. அப்புறம் கிப்பூர் நோன்பு. உங்க மனசு ஏதாவது நொந்திருந்தா..."

"நொந்திருந்தாவா? ஏதாவதுன்னா என்னது? வாயத் தொறந்து சொல்லு."

அவன் சொல்லவில்லை. கிப்பூர் பாவமன்னிப்பு நாள்; அதற்கு முன் மனம் நொந்தவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். வழக்கப்படி மூன்று பேரைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தான். அவர்கள் படிக்கட்டில் நின்று கூரையைப் பார்த்தார்கள். கஸாலா கதவைச் சாத்திவிட்டாள். அறுவை செய்த முழங்கால் வலித்தது. மஃப்ரூம் வாசனை அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நின்று அவளைப் பாடாய்ப் படுத்தியது. அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது.

நொந்திருந்தால் என்கிறானே! பதினான்கு வருஷம், ஐயா! வீடு வீடாகப் போய், பரணிலும் கட்டிலடியிலும் கிடந்த புத்தகங்களைக் கெஞ்சி வாங்கி, ஜெப ஆலயத்தின் பக்கத்து அறையில் அவள் சேர்த்த நூலகம். இரண்டாயிரத்து முந்நூறு புத்தகங்கள். புதன்கிழமை பிள்ளைகளுக்குக் கதை. வியாழக்கிழமை பெண்கள் கூட்டம்: புதினாத் தேநீர், சூரியகாந்தி விதை, படித்த புத்தகத்தைப் பற்றி ஒருத்தியை ஒருத்தி அடிக்காத குறையாகச் சண்டை. செவ்வாய்க்கிழமை நாலு முதல் ஆறு வரை, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. அந்த நேரத்தில் மட்டும் கதவை உள்பக்கம் தாழ்போட்டு, சன்னலில் திரையை இழுத்துவிடுவாள். யார் வருகிறார்கள் என்று வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

போன வசந்தத்தில் முழங்கால் அறுவைக்காக ஆறு வாரம் மருத்துவமனையிலும் அக்காள் வீட்டிலும் கிடந்தாள். தடியூன்றித் திரும்பி வந்தபோது நூலகம் இல்லை. அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலி, நீள மேசை, குளிர்பெட்டி, மூலையில் பாத்திரம் கழுவப் பளபளவென்று ஒரு தொட்டி. விருந்து மண்டபமாம்! ஆலய நிர்வாகி கிலாஃபோ புவாரோனின் திட்டமாம்! புத்தகங்களைப் பெட்டிகளில் அடைத்துக் கீழே, குண்டு விழுந்தால் பதுங்கும் நிலவறையில் போட்டிருந்தான். அந்தத் தொட்டியின் கழிவுக்குழாய் நிலவறைக் கூரை வழியாகத்தான் போகிறது. மூன்று கல்யாணத்தின் பாத்திரம் கழுவிய தண்ணீர் மொத்தமும் பெட்டிகளின் மேல் சொட்டியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் ஊறிப் பொதபொதத்துப் போயின. கடவுள் பெயர் அச்சிட்டிருந்தவற்றை முறைப்படி கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, மற்றதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டான். புதைக்கிற அன்றைக்காவது அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லவில்லை.

இதையெல்லாம் வேறு யார் செய்திருந்தாலும் கத்திவிட்டு விட்டிருப்பாள். செய்தவன் கிலாஃபோ. ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தவன். அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சொற்பொழிவின்போது, லாரி ஓட்டுநர் ஒருவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மும்முரமாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். கஸாலா பின்னால் போய்ப் பார்த்தாள். கர்ப்பிணிகளுக்கான உடல்நலக் குறிப்புகள். அதுவும் தலைகீழாக. மலைக்கிராமத்தில் ஆறு வயதில் கழுதையின் பின்னால் நடக்கத் தொடங்கியவன் அவன். ஜெபம் எல்லாம் காதால் கேட்டு மனப்பாடம். மற்றவர்கள் பக்கம் திருப்பும்போது தானும் திருப்புவான். முப்பத்தெட்டு வயதுவரை ஊரை அப்படியே ஏமாற்றிவிட்டான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அக்கா, வர்றேன்" என்றான். சத்தியம் செய்தாள். இரண்டு வருஷம் செவ்வாய்தோறும் வந்தான். வரியின் கீழே விரலை வைத்து நகர்த்தச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அவன் முதல் முறையாகத் தன் பெயரைத் தானே எழுதியது நூலக அட்டையில். குடித்தவன் மாதிரி சாய்ந்த எழுத்துகள். அன்றைக்கு அழுதான். அப்புறம் ஆள் வளர்ந்தான். சபையில் எழுந்து கணீரென்று வாசித்தான். நிர்வாகி ஆனான்.

இரண்டாவது தடவை புத்தாண்டு முடிந்த வெள்ளிக்கிழமை, சந்தையில், மீன்கடை ஹமுஸின் பலகைக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். ஹமுஸையும், மீன் வாங்க வந்த இரண்டு பேரையும் சாட்சியாக்கிவிட்டான்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. எல்லாம் சமூகத்தோட நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"அறையத் திருப்பிக் குடு."

"அது முடியாதுக்கா. டிசம்பர் வரைக்கும் கல்யாணம் இருக்கு."

"அப்ப மன்னிப்பும் முடியாது. ஹமுஸ், அந்த மீனோட தலைய வெட்டு. நல்லா ஓங்கி வெட்டு."

ஹமுஸ் வெட்டினான். "அக்கா, இது ரெண்டாவது தடவை. மூணாவது தடவையும் முடியாதுன்னா பாவம் உங்க தலையிலதான். தெரியும்ல?" என்றான்.

தெரியாமலா? கஸாலாவுக்கு அந்தச் சட்டம் தெரியும். அதற்கு அடுத்த வரியும் தெரியும். மூன்றாவது தடவைக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும்.

அவனுக்கும் அவசரம் இருந்தது. கிப்பூர் தொடங்கும் மாலையில், தோரா வேதச்சுருள்கள் இருக்கும் பேழையைத் திறக்கும் கௌரவம் இந்த வருஷம் அவனுக்கு. தீராத மனத்தாங்கலோடு ஒருவன் அதைத் தொடக்கூடாது என்று சபையின் குரு ரப்பி ஃப்ராஜி சொல்லியிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் ஆள் அனுப்பி அவளை வரவழைத்தான். எங்கே? அந்த மண்டபத்துக்கே! அவளுடைய அறைக்கே! ரப்பி, ஹமுஸ், ஓய்வுபெற்ற தபால்காரர் ஸியோன் மூவரும் வரிசையாக நின்றார்கள். கதவோரம் இன்னும் பத்து இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கா, மூணாவது தடவை கேக்குறேன். எல்லாருக்கும் முன்னாடி கேக்குறேன். மன்னிச்சிடுங்க."

"மாட்டேன்."

ரப்பி பெருமூச்சு விட்டார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. இனி இவன் மேல குத்தமில்ல. பாவம் உங்ககிட்ட வந்துடும்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு ரப்பி? எனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவனே படிக்கட்டும். நல்லாத்தான் படிப்பானே."

கிலாஃபோவுக்குப் பெருமை தாங்கவில்லை. ரப்பியின் கையிலிருந்த சட்டப் புத்தகத்தை வாங்கி, பக்கத்தைக் கண்டுபிடித்து, வரியின் கீழே விரலை வைத்தான். கஸாலாவின் கண் அந்த விரலிலேயே நின்றது. கணீரென்று வாசித்தான்: மூன்று பேரை அழைத்துப் போய்க் கேட்க வேண்டும், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்க வேண்டும், அதற்கும் இணங்காவிட்டால் விட்டுவிடலாம், மன்னிக்காதவரே பாவி.

புத்தகத்தை மூடப் போனான்.

"அடுத்த வரி" என்றாள் கஸாலா.

அவன் விரல் நகர்ந்தது. நின்றது. காது இரண்டும் சிவந்தன.

"போதும்க்கா."

"என்ன போதும்? படி கிலாஃபோ. தொண்டை அடைச்சுக்கிச்சா? தண்ணி குடி. அதான் புதுசா தொட்டி கட்டியிருக்கியே."

கதவோரம் சிரித்தார்கள். ரப்பிக்கு அந்த வரி மனப்பாடம். "கேக்கப்படுறவர் தன்னோட ஆசிரியரா இருந்தா, ஆயிரம் தடவையானாலும் போய்ப் போய்க் கேக்கணும், அவர் மன்னிக்கிற வரைக்கும்" என்றார் அவரே.

"அது ஆசிரியருக்குத்தானே ரப்பி? அக்கா என்ன இவனுக்கு வாத்தியாரா?" என்று ஹமுஸ் கெக்கெக்கென்று சிரித்தான்.

கஸாலா வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்தது செய்ததுதான். நாலு பேர் முன்னால் ஒருத்தன் முகத்தை வெளிறச் செய்வது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. அவள் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் போயிருக்கலாம். அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அறை போனது போனதுதான். அவன் அதை நினைத்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்லடா, சொல்லு, கிப்பூருக்கு மூன்று நாள் இருக்கும்போது, ரப்பி முன்னால், நீ கற்ற எழுத்தின் மேல் கை வைத்துக்கொண்டே பொய் சொல்லு, என்று மனதுக்குள் கருவினாள்.

அவன் புத்தகத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ஆமா" என்றான்.

"என்ன ஆமா?" என்றான் ஹமுஸ்.

"வாத்தியார்தான். முப்பத்தெட்டு வயசு வரைக்கும் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. இதே அறையில."

ஹமுஸின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தபால்காரர் ஸியோன் தரையைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் செவ்வாய்க்கிழமை ஆள்தான், அதுவரை வீட்டு எண்ணை மட்டும் பார்த்துத் தபால் போட்டவர். அது கஸாலாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ரப்பி மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு எழுத்து சொல்லிக் குடுத்தாலும் ஆசிரியர்தான். அதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? ஆயிரம் தடவை, கிலாஃபோ."

கஸாலாவின் மனதில் இரக்கம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. குப்பை வண்டியில் போன புத்தகங்களை நினைத்தாள். இரக்கம் போய்விட்டது.

"மூணு ஆயிடுச்சு. நாலாவது எப்ப வர்றே?" என்றாள்.

"எப்ப வேணாலும்... வீட்டுக்கு வரட்டுமாக்கா?"

"வீட்டுப் படி ஏறினே, காலை ஒடிப்பேன். சந்தையிலயும் கேக்காத. வாத்தியாரை வகுப்பறையிலதான் பாக்கணும். நூலகத்துல, செவ்வாய்க்கிழமை, நாலுலேருந்து ஆறு."

"நூலகம்தான் இல்லையே அக்கா."

"அது உன் பாடு."

தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய் மதியம் பிளாஸ்டிக் நாற்காலிகள் முற்றத்தில் கிடந்தன. குளிர்பெட்டியை ஹமுஸும் கிலாஃபோவும் முக்கி முனகி வெளியே இழுத்தார்கள். நிலவறையிலிருந்து பெட்டிகளைத் தபால்காரர் ஒவ்வொன்றாக ஏற்றினார். நாலு மணிக்குக் கஸாலா வந்தாள். அலமாரிகள் பாதி நிரம்பியிருந்தன. புத்தகங்கள் வரிசை தப்பிக் கிடந்தன. மேசையைச் சன்னலோரம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினான். இன்னும் கொஞ்சம் என்றாள். நகர்த்தினான். பழைய இடத்துக்கே என்றாள். அதையும் செய்தான்.

அப்புறம் கைப்பையைத் திறந்து, தேதி முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தாள். மருத்துவமனைக்குப் போனபோதும் அவை அவள் பையில்தான் இருந்தன. கடைசியாக ஒரு அட்டையை எடுத்தாள். சாய்ந்த எழுத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் கிலாஃபோவின் கண் கலங்கியது. இது ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பைக்குள்தான் இருந்தது என்று அவனுக்குப் புரிந்தது. எல்லார் முன்னாலும் எடுத்து ஆட்டியிருக்கலாம். அவள் ஆட்டவில்லை.

"அக்கா... நானூத்திப் பன்னிரண்டு புத்தகம். அதுக்காக. சொல்லாமப் புதைச்சேனே, அதுக்காக. வந்த வழிய மறந்தேனே, அதுக்காக. மன்னிச்சிடுங்க."

அந்த 'நொந்திருந்தா' இந்தத் தடவை இல்லை. கஸாலா அதைக் கவனித்தாள். முத்திரையை மையில் ஒற்றி, அட்டையில் ஓங்கிக் குத்தினாள்.

"மன்னிக்கல. நாலு."

"அக்கா! நாளைக்குச் சாயங்காலம் பேழை..."

"போய்த் திற. நீ கேட்டுட்டுத்தானே இருக்கே, பாவம் உன் மேல இல்ல. அடுத்த செவ்வாய் அஞ்சாவது. நேரம் தவறினா கணக்குல சேராது."

கிலாஃபோ விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "ஆயிரம் செவ்வாய்ன்னா பத்தொன்பது வருஷம் ஆகுமேக்கா!"

"ஆகட்டும். எனக்கு இப்ப அறுபத்திரண்டு. அதுக்கு முன்னாடி சாகுறதா இல்ல."

"அதுவரைக்கும் இந்த அறை..."

"நூலகம் இல்லைன்னா எங்கடா வந்து கேப்பே?"

கிலாஃபோ கதவுப் பக்கம் திரும்பினான். வாசலில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் பேருந்து நடத்துநர், மற்றவள் ரொட்டிக்கடைக்காரரின் மாமியார். தனக்கு எழுத்து தெரியாமலிருந்ததைக் கிலாஃபோ ஒப்புக்கொண்டதை அவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை கதவோரத்திலிருந்து பார்த்தவர்கள்.

"உள்ள வாங்க" என்றாள் கஸாலா. "கிலாஃபோ, போகும்போது சன்னல் திரைய இழுத்துவிடு."